பாதிப் புள்ளிகள்

வழக்கறிஞர் வீட்டைப் பிரித்தார், படகைப் பிரித்தார்,
கடைசியில் விமானப் புள்ளிகளையும்.
கெல்வின் பத்தொன்பது வருடம் பறந்ததில்
சரிபாதி என் கணக்கில் விழுந்தது;
கூடவே ஒரு அப்கிரேடு வவுச்சர்,
சனிக்கிழமையோடு காலாவதி.

எட்மன்டன் கவுண்டரில் ஒக்சானா
திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்:
"காத்திருப்பவர்களில் நீங்கள் மூன்றாவது."
சிரிப்பு வந்தது.
அந்த வீட்டில் அதைவிடப் பின்னால் நின்றிருக்கிறேன்.

கதவு சாத்தும் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
பழைய சீட்டைக் கிழித்தார்கள்.
நான்காம் வரிசை, ஜன்னல்.

கிரீன்லாந்துக்கு மேலே எங்கோ
பணிப்பெண் குனிந்து கேட்டாள்:
"படுக்கை விரிக்கட்டுமா?"
எனக்கென்று இன்னொருவர் விரித்து
எத்தனை காலம்.

நீட்டிப் படுத்தேன்.
ஆறடி மூன்றங்குலம், கெல்வினின் உயரம்.
என் கால் எட்டாத அந்த மிச்சத்தில்
மகளின் முதல் பல் விழுந்த ராத்திரி,
குழாய் உறைந்து வெடித்த ஜனவரி,
ஹூஸ்டனிலிருந்து அவன் போனில் பாடிய
பிறந்தநாள் பாட்டு.
இதெல்லாம்தான் சேர்ந்திருக்கிறது,
புள்ளி புள்ளியாய்.

தூங்கிப்போனேன். ஷாம்பெயின், சால்மன்,
ஒன்றும் பார்க்கவில்லை.

ஃபிராங்க்பர்ட்டில் சக்கரம் தரை தொட்டதும்
போன் அதிர்ந்தது:
நாலாயிரத்து முந்நூறு புள்ளிகள் வரவு.
பங்கு போட ஆளில்லை.