இடைவெளிகளும் எண்ணப்படும்

தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளம்.
ஒரு மடிக்கணினி, மூன்று நாற்காலிகள்,
போன மாதத்து பிங்கோ அட்டைகளை ஒதுக்கிவிட்டு
எங்கள் விண்ணப்பம்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஆற்றுக்கு அந்தக் கரை கனடா.
இந்தக் கரையில், மெய்ன் மாநிலத்தின் உச்சந்தலையில்,
உருளைக்கிழங்கு வயல்கள்மேல் உட்கார்ந்துவிட்டது பனி.
ஏப்ரல்வரை எழுந்திருக்காது.

சேவை செய்யப் பணம் கேட்கும் மனு அல்ல இது.
சேவையை எப்படிச் செய்யலாம் என்று
ஓராண்டு உட்கார்ந்து யோசிக்கப்
பணம் கேட்கும் மனு.
இதை ரெனால்டுக்குப் புரியவைக்க
இரண்டு கோப்பைக் காபி ஆயிற்று.
"யோசித்தால் காசு கொடுப்பார்களா?
அப்படியானால் என் மைத்துனன்
அரசாங்கத்துக்குத் திருப்பித் தரவேண்டியிருக்குமே" என்றான்.

வெர்னா சிரிக்கவில்லை.
முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொண்டு
உரக்கப் படித்தாள்:
"உங்கள் சமூகத்தின் தேவையை விவரிக்கவும்.
இரண்டாயிரம் எழுத்துகளுக்குள்.
இடைவெளிகளும் எண்ணப்படும்."

எங்களிடம் இருப்பதே அவைதானே.
வெர்னா வீட்டு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் நடுவே
நான்கு மைல்.
மருந்துக்கடைக்கு முப்பத்தொன்று.
டயாலிசிஸ் இயந்திரத்துக்கு அறுபத்து நான்கு,
அதில் பாதி சிக்னல் எட்டாத காடு.
ஹெர்வே டேகிள் கடைசியாகக் கதவைத் திறந்த நாளுக்கும்
அவரைக் கண்டெடுத்த நாளுக்கும் இடையில்
ஆறு நாள்.
அடுப்பருகே விறகு கிடந்தது,
பிளக்காமல்.

"அதை எழுது" என்றாள் வெர்னா.
எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு எழுத்து.
"ஆதாரத்தை இணைக்கவும்" என்றது படிவம்.
ஹெர்வேயை அழித்துவிட்டு
'முதியோர் தனிமை' என்று போட்டேன்.
எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.
இடம் கிடைத்ததே என்று
ஒரு நொடி மகிழ்ந்தேன்.
அந்த நொடியை எந்தக் கட்டத்தில் நிரப்புவது
என்று தெரியவில்லை.

அளவிடக்கூடிய விளைவுகள் எவை?
"ஒரு கிழவர் செத்துப்போகாமல் இருந்தால்?"
"அது விளைவு இல்லை ரெனால்ட். நடக்காத ஒன்று."
"அதைத்தானே நடத்தப் பார்க்கிறோம்."
கூட்டங்களில் உணவுக்கு இம்மானியத்தைச் செலவிடலாகாது.
டோனட் வரியை அடித்தேன்.
மருத்துவமனையின் ஆதரவுக் கடிதம்
இன்னும் வந்தபாடில்லை.
பாதிரியார் மட்டும் கையெழுத்திட்டிருந்தார், தேதி தப்பாக.

பிறகு ஒன்பதாம் கேள்வி:
"திட்டம் ஏற்கெனவே இயங்கிவந்தால்
திட்டமிடல் மானியத்துக்குத் தகுதி இல்லை.
தற்போது சேவையில் உள்ளோர் எத்தனை பேர்?"

நாங்கள் இருவரும் ரெனால்டைப் பார்த்தோம்.
பதினோரு குளிர்காலமாக
செவ்வாய், வியாழன், சனி,
விடிகாலை நாலரைக்கு
ஆல்ஃபெடா சூசியை ஏற்றிக்கொண்டு அந்த அறுபத்து நான்கு மைல்.
அவளுக்கென்று முன்னிருக்கையில் ஒரு பச்சைக் கம்பளி.
பெட்ரோல் அவன் செலவு.

"என்னை ஏன் பார்க்கிறீர்கள்?
நான் எப்படியும் அந்தப் பக்கம்தான் போகிறேன்."
அந்தப் பக்கம் அவனுக்கு
வேறு ஒரு வேலையும் கிடையாது.

பூஜ்யத்தை அழுத்தினேன்.
வெர்னா பார்த்தாள்.
ஒரு பிங்கோ அட்டையை எடுத்துக் கவனமாக
மறுபடி அடுக்கில் வைத்தாள்.

கெடு ஐந்து மணி.
நாலு நாற்பத்தொன்றுக்கு அனுப்பு பொத்தானை அழுத்தியாயிற்று.
நீலப்பட்டை ஊர்ந்து ஊர்ந்து
எண்பத்து மூன்று சதவீதத்தில் நின்றுகொண்டது.

ரெனால்ட் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டான்.
"நாளை சனி. என்ஜினை இப்போதே
ஹீட்டரில் மாட்டினால்தான் காலையில் கிளம்பும்.
பணம் வந்தால் சொல்லுங்கள்.
எதை யோசிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்."
அவன் பூட்ஸ் நின்ற இடத்தில்
சின்னதாக ஒரு குளம்.

எண்பத்து மூன்று.
எண்பத்து மூன்று.
வெர்னா மடிக்கணினியின் முதுகில் உள்ளங்கையை வைத்து,
குளிரில் முரண்டுபிடிக்கும் பேருந்தை
மிரட்டுவதுபோல
பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

எண்பத்து நான்கு.