எட்டாவது கிராஸ்

ஸ்கூட்டர் முஷ்தாக் ஷெட்டில் கிடக்கிறது.
ஏதோ ஒரு பாகம் ஓசூரிலிருந்து வர வேண்டுமாம்.
பதினோரு நாளாக வந்துகொண்டே இருக்கிறது.
அதனால் நடக்கிறேன்.

ஆறு வருஷம் இந்த ஜீவனஹள்ளித் தெருக்களில்
வேகத்தடைகளை மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன்.
பேக்கரிக்கு முன்னால் ஒன்று,
மசூதி தாண்டி இரண்டு,
பள்ளிக்கூட வாசலில்
முதுகெலும்பை விசாரிக்கிற ஒன்று.
நடுவிலும் ஊர் இருப்பது
இப்போதுதான் தெரிகிறது.

ஒரு வேப்பமரம், அதை ஒட்டி ஒரு காம்பவுண்டு சுவர்.
மரம் பருத்துவிட்டது. சுவர் வாயைத் திறந்து
மரத்தின் விலாவைக் கவ்வியிருக்கிறது,
அல்லது மரம் சுவரை.
யார் முதலில் கடித்தது என்று
இனிமேல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மறுநாள் மழை. என் செருப்பைத் தவிர
வேறெதையும் பார்க்கவில்லை.

நடைபாதைக் கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல்.
மெடிக்கல் ஷாப் முன்னால் கிடப்பது 'டொக்' என்கிறது.
அடுத்தது ஒன்றும் சொல்லாமல்
கணுக்காலில் சாக்கடைத் தண்ணீரைத் துப்புகிறது.
தெரிந்தவர்கள் அங்கே
ஓர் எட்டை நீட்டி வைத்துத் தாண்டுகிறார்கள்.
அந்த வாலறுந்த நாய்கூட.
வெள்ளிக்கிழமையிலிருந்து நானும்.

அப்படித் தாண்டும்போதுதான் கண்ணில் பட்டது:
ஐந்தாவது கிராஸ், ஆறாவது, ஏழாவது,
அப்புறம் ஒன்பது.
கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்
கொஞ்சமும் வெட்கமில்லாமல் ஒன்பது.

இஸ்திரி வண்டிக்காரர் முனிவெங்கடப்பாவைக் கேட்டேன்.
பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கரி ஒருமுறை கண் விழித்தது.
"இதெ, இதெ" என்றார்.
இருக்கிறது என்று அர்த்தம்.
என் தமிழ்க் காதில் விழுந்தது இதே, இதே.
அவர் கை காட்டிய திசையில்
ஒரு செல்போன் கோபுரமும் ஒரு காக்கையும்.
"பதினாறு வருஷமா அங்கிருந்து துணி வருதும்மா" என்று
யாரோ ஒருவரின் காலரை மடித்தார்.
அதன் உள்பக்கம் நீல மையில் 8.

பார்சலை முன்னால் வைத்துக்கொண்டு
போனைப் பார்த்தபடி நின்ற கூரியர் பையன் சொன்னான்:
"மேப்ல இருக்கு மேடம். கால்லதான் இல்ல."

எட்டாவது என்று பேர் வைத்தால்
எப்படி எட்டும்?

ஞாயிறு காலை மத்தி மீன் வாசனை காட்டிய வழியில் போனேன்.
ஏழாவது கிராஸ் கடைசி வீட்டுக்கும்
தண்ணீர் கேன் கடைக்கும் இடையில்
ஒரு ஆளும் அரை சைக்கிளும் போகிற அளவு சந்து.
உள்ளே ஏழு கதவுகள். நீல டிரம்கள்.
உடைந்த ஹெல்மெட் ஒன்றில் மண் நிரப்பி
பத்துமணிப் பூ. மணி ஒன்பதே கால்தான்,
ஒன்றிரண்டு அவசரப்பட்டிருந்தன.
படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த பிலோமினா
தலை நிமிராமல் சொன்னாள்:
"கரண்ட் பில்லுல எட்டாவது கிராஸ்.
ரேஷன் கார்டுல ஏழாவது.
வோட்டர் லிஸ்ட்ல நாங்க இல்லவே இல்ல."
பூனை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.
கதை அதற்கு ஏற்கெனவே தெரியும், தலைதான் வர வேண்டும்.

சந்து முடிகிற இடத்தில் ரயில்வே சுவர்.
ஈஸ்ட் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய ஏதோ ஒரு வண்டி போக
ஏழு வீட்டுப் பாத்திரங்களும்
ஒரே சமயத்தில் முணுமுணுத்தன.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பிலோமினா மட்டும், வண்டி போய் முடியும்வரை
கத்தியை அசைக்காமல் வைத்திருந்தாள்.
"விரல் போயிருக்கு ஒரு தடவை" என்றாள்.

பாகம் ஓசூரைத் தாண்டிவிட்டதாம்.
முஷ்தாக் காலையில் போன் செய்தான்.

சாயங்காலம் தேய்த்து வந்த துணியைப் பிரித்தேன்.
பச்சைக் குர்தாவின் கழுத்துக்குள்
ஈரம் காயாத நீல மையில் 8.
நான் இருப்பது நாலாவது மெயின்.
மாறி வந்துவிட்டதோ என்று
இடது கை ஓரத்தில் நானே போட்ட
கோணல் தையலைத் தடவிப் பார்த்தேன்.
என்னுடையதுதான்.