நாலாம் பக்கத்தில் இறந்தவன்

தாராபுரம் கோர்ட்டில்
கொலை வழக்குச் சாட்சியங்களைத் தட்டச்சு செய்பவள் நான்.
பக்கத்து மேசை கோகிலவேணிக்கு
சுரங்கப்பாதை வேண்டும், தீவட்டி வேண்டும்,
அந்தப்புரப் படியில் தலையொன்று உருள வேண்டும்.
"உங்க கதையில செத்தவன்கூட
சத்தமில்லாமச் சாவறானுங்க்கா."

ஆமாம்.
கொடுமணலில் மணி துளைக்கிறவன்
நாலாம் பக்கத்திலேயே குப்புறக் கிடக்கிறான்.
யாரும் வாள் உருவவில்லை.
இருபுறமும் துளைத்து நடுவில் சந்திக்காத
சூதுபவளம் ஒன்றை
நொய்யல் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்
நூல் கோக்கிறவள்.
முந்நூறு பக்கம் அவனையே யோசிக்கிறாள்,
நடுவில் கம்பங்களி தின்கிறாள்,
ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறாள்.
என் ஃபைலில் இருப்பவர்களுக்கு
அவ்வளவு நேரம் யார் தருகிறார்கள்?

நேற்று ராத்திரி கோகிலா தந்ததையும் பிரித்தேன்.
தலை உருண்டது.
போர்வைமேல் விரல்கள்
தட்டத் தொடங்கின:
இடது கழுத்து, ஆறு சென்டிமீட்டர்.