ஆறாயிரம் அடியில் ஒரு மிதவை

பர்லியாறு தாண்டியதும் சிப்ஸ் பாக்கெட் உப்பியது.
டிக்கியில் பழைய போர்வைக்குள் கிடந்த
எங்கள் மிதவையின் ரப்பர்ப் பையும்
உப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.
தோன்றியிருக்க வேண்டும்.
காற்றழுத்தம்தான் நான் படித்த படிப்பு.

நிதிக்குழு கோடையில் குன்னூரில் கூடுகிறது.
கடலைப் பற்றி முடிவெடுக்க
கடலைவிட்டு எவ்வளவு தூரம் ஏறலாமோ
அவ்வளவு தூரம்.

சமையற்கட்டில் பாத்திரம் கேட்டேன்.
பெள்ளி என்பவர் பிரியாணி அண்டாவைத் தேய்த்துக் கொடுத்தார்.
குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது.
அலைக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு.
அவரே தட்டை அமுக்கி அமுக்கி எடுத்தார்:
"இந்த அளவு போதுங்களா மேடம்?"

போதும். மிதவை ஏறியது, இறங்கியது.
பை மட்டும் முட்டச் சாப்பிட்டவன் வயிறாய் அசையாமல் நின்றது.
பல்பு எரியவில்லை.

"கடலில் எத்தனை நாள் ஓடியது?"
பதினோரு நாள், முட்டத்துக்கு வெளியே.
"பன்னிரண்டாம் நாள்?"
சங்கிலி அறுந்தது.
பெர்க்மான்ஸ் தன் வள்ளத்தில் கட்டி
நாலு மணி நேரம் இழுத்து வந்தார்,
டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்
என்பதைச் சொல்லவில்லை.
அறிக்கையில் அதற்குத் தலைப்பு இல்லை.

ஓட்டிக் காட்டினால் கடன் தரலாம் என்றார்கள்.
கடன் தந்தால் ஓட்டிக் காட்டலாம் என்றேன்.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.

ஒருவர் ஜன்னலைக் காட்டினார்.
"அந்தப் பக்கம் குந்தா. தண்ணீர் விழுகிறது, கரண்ட் வருகிறது.
உங்கள் யூனிட் விலை என்ன?"
சொன்னேன்.
யாரோ இருமினார்கள்.
ஜன்னல் முழுக்க மஞ்சு வந்து நின்றது.

அந்தத் தண்ணீரும் கடல்தானே சார்,
அதை இவ்வளவு உயரம் தூக்கிய பம்புக்கு
யார் பெயரில் பில் வருகிறது?
இது வராண்டாவில் குடையைத் தேடும்போது தோன்றியது.
உள்ளே தோன்றவில்லை.

கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று தவணை.
முதல் தவணை சங்கிலிக்கு மட்டும்.

அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டே பெள்ளி கேட்டார்:
"அலை ராத்திரியும் அடிக்குங்களா?"
அடிக்கும்.
"மழைக்காலத்துல?"
அப்போதுதான் அதிகம்.
"எங்க ஊருல மழைன்னா மூணு நாள் கரண்ட் இருக்காது" என்றார்.
தண்ணீர் சாக்கடையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லாறில் டீக்கு நிறுத்தினோம்.
காது அடைத்துத் திறந்தது.
டிக்கியைத் திறந்தால்
பை சுருங்கித் தன் அளவுக்கு வந்திருந்தது.
உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கினேன்.
எரிந்தது.

"என்னம்மா விக்கிறீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.
அலை என்றேன்.
"முப்பது ரூபா. சில்லறையாக் குடுங்க."