முட்டிக்குப் பின்னால்

மரிபோசாஸ் குன்றுக்கு நூற்று அறுபத்து மூன்று படி.
எண்ணத் தொடங்கியது போன வருடம்தான்.
அதற்குமுன் இருபத்தோரு வருடம்
தபால் பை தோளில், கணக்கு கிடையாது.

வலது முட்டிக்குப் பின்னால்
அவகாடோக் கொட்டை ஒன்று
தோலுக்குள் உட்கார்ந்திருக்கிறது.
நிமிர்ந்து நின்றால் முறைக்கும்,
மடக்கினால் ஒளியும்.
என் கண் எட்டாத இடமாகப் பார்த்துக்
குடிவந்திருக்கிறது.

"பேக்கர் கட்டி" என்றார் டாக்டர் இத்துர்ரா.
ரொட்டி சுடுகிறவர்களுக்கு வருவதா என்றேன்,
துறைமுகத்தில் பொறுக்கிய ஆங்கிலத்தை நம்பி.
யாரோ ஒரு வைத்தியரின் பெயராம்.
வலி எனக்கு, பேர் அவருக்கு.

ஊசியால் உறிஞ்சினார்.
ஆலிவ் எண்ணெய் நிறத்தில்
சின்னக் காப்பிக் குவளையில் பாதி.
பத்தே நாள். திரும்பிவிட்டது.
"ஊற்று மூட்டுக்குள்ளே, நோல்ஃபா.
பின்னால் இருப்பது வெறும் குட்டை.
குட்டையை இறைத்து என்ன?"
தேய்ந்த எலும்பு அழுகிறது,
கண்ணீர் கொல்லைப்புறமாகப் போகிறது
(இது அவர் சொன்னதல்ல,
பேருந்தில் நான் சேர்த்துக்கொண்டது).

ஜூலை மழையில், தொண்ணூற்றெட்டாம் படியில்
அது உடைந்தது.
சத்தமில்லை.
கெண்டைக்காலுக்குள் வெந்நீர் இறங்கினாற்போல.
அங்கேயே உட்கார்ந்தேன்,
மின்கட்டணச் சீட்டுகள் மடியில் நனைய.
சாயங்காலம் கால் பூசணியாகி
பூட்ஸை வெட்டக் கத்தரி தேடினான் ரெனாத்தோ.
இரத்தம் உறைந்திருக்குமோ என்று
விடியும்வரை ஆஸ்பத்திரியில்.
குளிர்ந்த களிம்பு, கறுப்புத் திரை,
திரையில் சாம்பல் நிறக் கடல்.
"இரத்தக்குழாய் சுத்தம்" என்றாள் ஸ்கேன் எடுத்தவள்.
உடைந்த குட்டைதான்.
அவ்வளவுதானா என்று அழுகை வந்தது.

ஆறு வாரம் கழித்துப் போனபோது
தொண்ணூற்றெட்டாம் படிக்கு நேரே
கயிற்றில் ஒரு வாளி தொங்கியது.
மேலே ஜன்னலில் வீதுவா ஒஸாந்தோன்,
எனக்கும் மூத்தவள், இரண்டு முட்டியும் உலோகம்.
"கடிதங்களை இதில் போடு, ஏறாதே."
இன்னும் நாலு வீட்டிலிருந்து நாலு வாளி.
கோபம்தான் வந்தது முதலில்.
என்னை யார் கேட்டார்கள்?
ஒரு வாரம் வேண்டுமென்றே ஏறினேன்,
ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்து.

இப்போது வாளியில் போடுகிறேன்.
விளம்பரத் தாள்களைக்கூட விடுவதில்லை.
மேலே அவை போவதை
கழுத்து வலிக்க நின்று பார்க்கிறேன்.

கொட்டை மறுபடி தலைகாட்டுகிறது.
இரவில் தலையணைமேல் காலை நீட்டி
விரலால் அளக்கிறேன்.
இன்று ஆலிவ் காய் அளவு.
பேச்சுவார்த்தை ஏதும் கிடையாது எங்களுக்குள்.