நாய்க்கு என்று வாங்கியவை

நெஞ்சுக்கறியும் தொடையும் விற்றுப்போன பிறகு
சோங் பாங் சந்தையில்
பூன் ஹெங் கடைத் தட்டில் மிஞ்சுகிறவை:
கழுத்து, முதுகெலும்பு, கால்,
சதை வழித்தெடுத்த வெறுங்கூடு.
கிலோ இரண்டு வெள்ளி.

"நாய்க்கா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது.

வீட்டில் வாய் கட்டிக் கிடப்பவர் என் வீட்டுக்காரர்.
செம்பவாங் சாலை வளைவில், மழையில்,
யாருடைய பீட்சாவையோ முதுகில் சுமந்தபடி
சைக்கிளோடு சறுக்கியவர்.
தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போய்
மேல்பல்லையும் கீழ்பல்லையும் சேர்த்துக் கம்பி.
ஆறு வாரம்.
ஊருக்கெல்லாம் சோறு கொண்டுபோனவருக்கு
இப்போது உறிஞ்சுகுழல் அகலம்தான் வழி.

ஓடாத நாளுக்குக் காசு கிடையாது.
புரதச் சத்து, நீராகவே கொடுங்கள் என்று
மருத்துவமனைத் தாளில் எழுதியிருந்தது.
டின்னில் விற்கிறார்கள், முப்பத்தெட்டு வெள்ளி.
எடுத்தேன்.
விலை சுவரைப் பார்க்கும்படி
திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

கோழிக்காலுக்கு நகம் உண்டு.
அதை வெட்ட வேண்டும் என்று முதல் தடவை தெரியாது.
கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கினேன்,
இருபத்திரண்டு வருடமாக
"நகத்தை வெட்டுங்க" என்று ஒரு மனுஷரிடம்
கெஞ்சிக்கொண்டிருந்தவள்.

நெருப்பில் வாட்டினால்
மஞ்சள் தோல் கையுறை மாதிரி கழலும்.
முதல் கொதியை அப்படியே கொட்டிவிட வேண்டும்,
சாம்பல் நுரையும் வாடையும் அதோடு போகும்.
பிறகு எலும்பு முழுகப் பச்சைத் தண்ணீர்,
ஒரு கரண்டி வினிகர்,
நசுக்கிய இஞ்சி, மிளகு, சீரகம்,
கொத்தமல்லித் தண்டு மட்டும்.
இலை ரசத்துக்கு வேண்டும்.

தீயைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.
தளதளவென்று கொதிக்கக் கூடாது.
தூங்குகிறவர் மூச்சு மாதிரி
ஓரத்தில் ஒரு குமிழ் வந்து போனால் போதும்.
எட்டு மணி நேரம்.
கேஸ் மீட்டரைப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன்.
பார்த்தேன்.

இரவு பத்தரைக்கு வடிகட்டும்போது
எலும்பு விரலிடையில் பொடிந்தது.
இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று
இவ்வளவு நேராக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால்
மேலே மஞ்சள் கொழுப்பு,
கீழே, ஆட்டினால் ஆடுகிற கட்டி.
கால்களின் வேலை அது.
கிண்ணத்தோடு தூக்கிவந்து
அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன்.
சூடாக்கிக் கொடுத்தேன். ஒரு இழுப்பு.
தாளை எடுத்து எழுதினார்:
உப்பு?
தாடைதான் உடைந்தது.

மூன்றாம் வாரம் பூன் ஹெங் கேட்டார்,
அரைகுறை மலாயில்: நாய் பேர் என்ன?
பேர் வைக்க மறந்திருந்தேன்.
நாக்கில் இருந்தது ஒரே பேர்.
வழுதி, என்றேன்.
"வாலுதி." சொல்லிப் பார்த்தார்.
"வாலு!"
அன்றிலிருந்து பை கனத்தது.
எடை போட்ட பிறகு மேலே ஆறு கால்,
ஒருநாள் நாலு கழுத்து,
காசு வேண்டாம், வாலுக்கு.
வாலு நல்லா சாப்பிடுதா?
சாப்பிடுது, என்பேன்
தராசைப் பார்த்துக்கொண்டு.

ஐந்தாம் வாரம் தாங்கவில்லை.
அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்,
நாய், பேர், இலவசக் கால், எல்லாம்.
தலையைக் குனிந்துகொண்டார்.
தோள் குலுங்கியது.
அழ வைத்துவிட்டேன் என்று எழுந்து போனால்
சூப் மூக்கு வழியாக வருகிறது.
கம்பிக்குப் பின்னால் சிரிப்பு,
வெளியே வர வழியில்லாமல், வலியோடு.
போதும் நிறுத்து என்று கையை ஆட்டுகிறார்.
நான் எதுவும் பேசவேயில்லை.
துடைத்துக்கொண்டு, தாளை இழுத்து,
பக்கம் முழுக்கப் பெரிதாக எழுதினார்:
லொள்.

வியாழக்கிழமை கம்பி எடுக்கிறார்கள்.
சனிக்கிழமை சந்தைக்குக் கூடவே வருவாராம்.
பூன் ஹெங்கிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்.
சொன்ன பிறகும்
அந்த ஆறு கால் பையில் விழுமா, தெரியாது.
பெரிய பையைத்தான் மடித்து வைத்திருக்கிறேன்.