பாறை என்று எழுதிய இடம்

மே மூன்று. பதினோரு டிகிரி.
இந்தக் குளிருக்குத் தேனீ வெளியே வரும்,
நான் வரமாட்டேன்;
சம்பளம் தருகிறார்கள், வந்திருக்கிறேன்.

ஏழாம் பெட்டியின் வாசலில் ஒரு பொறி:
உடல் நுழையும், கால் மூட்டை நுழையாது.
உதிர்ந்த தாதை மணிக்கொரு தரம்
குப்பியில் தட்டி மூடிமேல் நேரம் எழுதுகிறேன்.
சுங்கச்சாவடிக்காரி வேலை.
மஞ்சள். மஞ்சள். ஒரே ஒரு சாம்பல்.
மறுபடி மஞ்சள்.

மர நிறுவனம் தந்த வரைபடத்தில்
பின்லாந்தின் இந்த மூலை முழுக்க ஸ்ப்ரூஸ்.
கட்டத்துக்குக் கட்டம் நட்ட ஆண்டு, வெட்டும் ஆண்டு.
பிறந்த தேதியும் சாகும் தேதியும்
ஒரே வரியில் அச்சான காடு.
பூவுக்கென்று ஒரு நிறம் ஒதுக்கவில்லை.

நுண்ணோக்கியிலிருந்து தலை தூக்காமல்
சாய்மி சொன்னாள்:
"பத்தில் எட்டு ரைத்தா."

ரைத்தா என்பது வில்லோவில் ஒரு வகை.
இலைக்கு முன்னால் பூத்துவிடும் அவசரக்காரி.
காடு வளர்ப்பவர்கள் அதைக் களை என்பார்கள்.
இரண்டு கிலோமீட்டர் சுற்றில் ஒன்றுகூட இல்லை,
வரைபடம் அடித்துச் சொல்கிறது.

கண்ணாடிக் கூட்டில் ஒருத்தி
இடுப்பை ஆட்டி வேறு சொன்னாள்:
செங்குத்துக்கு இடப்புறம் நாற்பது பாகை,
நடுக்கம் ஒரு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு.
எண்ணூறு மீட்டர் என்று கணக்குப் போட்டு
நடந்தோம்.
சதுப்பு என் இடது பூட்ஸை வைத்துக்கொண்டது.

முதலில் கேட்டது இரைச்சல்.
அப்புறம்தான் மரங்கள்:
ஐந்தும் ஆண், ஐந்தும் உச்சிவரை மஞ்சள்.
ஸ்ப்ரூஸ்களுக்கு நடுவே நேராக வந்த டயர் தடம்
அங்கே மட்டும்
சூல்கொண்ட வயிறுபோல வளைந்து
சுற்றிப் போயிருந்தது.

வெட்டு இயந்திரத்தின் பதிவேட்டில்,
துண்டு நாற்பத்தொன்று:
'பாறை. வண்டி போகாது.'
ஓட்டுநர், ஊர்ஹோ தீலிகைனென்.

தொலைபேசியில் கேட்டேன்.
"பாறைதான்" என்றார்.
பாறைமேல் இத்தனை தேனீயா என்றேன்.
நெடுநேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
"எங்கள் பக்கம் பாறைகள் அப்படித்தான்."

இரவு படிவத்தில் ஒரு கட்டம் காலி: இடம்.
துல்லியமாக எழுதினால்
அடுத்த வாரமே யாராவது ரம்பத்தோடு வருவார்கள்.
எழுதாமல் விட்டால் சாய்மிக்குத் தூக்கம் வராது.
பொய் எழுத அவள் கைக்குத் தெரியாது;
பெட்ரோல் ரசீதில்கூடச் சில்லறை வரை எழுதுகிறவள்.

அரிய கழுகின் கூட்டுக்கு ஒரு விதி உண்டு:
பத்துக் கிலோமீட்டர் சதுரம் சொன்னால் போதும்.
"ரைத்தா கழுகு இல்லையே" என்றேன்.
"விதியில் இறக்கை என்ற சொல் இல்லை,
படித்துப் பார்" என்று
சதுரத்தைத் தட்டினாள்.

காலையில் அறிக்கையின் வரைபடம் அச்சாகி வந்தது.
நூறு சதுர கிலோமீட்டர் பளிச்சென்று மஞ்சள்.
ஏரி மஞ்சள், நெடுஞ்சாலை மஞ்சள்,
மர நிறுவனத்தின் அலுவலகம்,
அதன் வாகன நிறுத்தம் உட்பட.

நான் பூட்ஸைத் தேடப் போனேன்.